மின்பட்டியலும் விமானச் சீட்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

திருகோணமலையில் கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசத் தொடங்கியதும் எனக்கு வரும் கடிதங்களும் கூடிவிடுகின்றன. இந்த முறையும் மின்பட்டியல் பற்றிய கடிதங்களே அதிகம். சிலர் மட்டும் ஒரு படி மேலே போய்த் தங்கள் காபன் தடத்தை, அதாவது தங்களால் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியாகிறது என்பதை, கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. எல்லோருக்கும் பழைய வேண்டுகோள் ஒன்று: ரூபாயை எழுதாதீர்கள், அலகை எழுதுங்கள். ஒரு மாதக் கணக்கு எதற்கும் உதவாது, பன்னிரண்டு மாதக் கணக்கை அனுப்புங்கள்.

உவர்மலை வாசகர்: வீட்டில் 22 விளக்குகளையும் எல்.ஈ.டி.க்கு மாற்றிவிட்டோம். ஆறு மாதமாகியும் மின்பட்டியல் குறையவில்லை. மீற்றர் பழுதா?

மீற்றரைக் குறை சொல்லாதீர்கள். கடிதத்தின் பின்பக்கத்தில், ‘மூன்று அறைகளில் குளிரூட்டி உண்டு’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும். உங்கள் 22 விளக்குகளும் நாளுக்கு நான்கு மணி நேரம் எரிந்தாலும் ஓர் அலகைத் தாண்டாது. இன்வேட்டர் இல்லாத பழைய படுக்கையறைக் குளிரூட்டி மணிக்கு ஓர் அலகுக்குக் கிட்ட எடுக்கும். மூன்றும் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் இருபது அலகு. சில்லறையை எண்ணிவிட்டுப் பெரிய நோட்டை எண்ணாமல் விட்டிருக்கிறீர்கள்.

நீங்களும் ரூபாயைத்தான் எழுதியிருக்கிறீர்கள். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் கூடியது, 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது. இப்படி ஏறி இறங்கும் ரூபாயை வைத்து உங்கள் பாவனை கூடியதா குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு பாகை கூட்டினால் ஐந்தாறு வீதம் மிச்சம். தூசி வடியை மாதம் ஒரு முறை கழுவுங்கள். பிள்ளைகள் இருவரும் சிறியவர்கள் என்கிறீர்கள். அவர்கள் ஓர் அறையில் படுத்தால் ஒரு குளிரூட்டிக்கு வேலையே இல்லை.

தம்பலகாமம் ஆசிரியை: கைத்தொலைபேசி சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தால் பூமிக்கு நன்மை என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

கழற்றி வைப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு தொலைபேசிக்கு ஆண்டு முழுவதும் தேவைப்படும் மின்சாரம் ஏறத்தாழ ஐந்து அலகுதான் என்பதையும், ஒரு குளிரூட்டி அதை ஓர் இரவில் முடித்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.

அலஸ்தோட்டம், விருந்தினர் விடுதி நடத்துபவர்: கூரையில் 5 கிலோவாற் சூரிய மின்தொகுதி போட்டிருக்கிறேன். இனி எவ்வளவு மின்சாரம் பாவித்தாலும் என் பெயரில் காபன் இல்லைதானே?

இருக்கிறது. உங்கள் தொகுதி நாளுக்கு இருபது அலகு தரும். நீங்கள் அனுப்பிய கணக்கின்படி பாவனை நாற்பதுக்கு மேல். அதிலும் பெரும்பகுதி மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை, சூரியன் இல்லாத நேரத்தில். அப்போது உங்கள் அறைகளைக் குளிர்விப்பது நுரைச்சோலை நிலக்கரியும் எரிபொருள் மின்நிலையங்களும் நீர்மின்சாரமும் சேர்ந்துதான். நாட்டின் மின்சாரத்துக்கு அலகொன்றுக்கு அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்று நான் கணக்கிடுவது வழக்கம். மலைநாட்டில் நல்ல மழை பெய்தால் அது குறையும்.

பகலில் கிடைப்பதைப் பகலிலேயே பாவியுங்கள். சலவை இயந்திரம், இஸ்திரி, தண்ணீர்ப் பம்பி எல்லாவற்றையும் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்காகக் கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். பகலில் மிச்சமும் இரவில் தட்டுப்பாடும்தான் நம் நிலை. இன்னொன்று: கடற்கரையில் இருக்கிறீர்கள். தகடுகளில் உப்புப் படியும், தாங்கிச் சட்டம் துருப்பிடிக்கும். நல்ல தண்ணீரால் கழுவாமல் விட்டுவிட்டு, விளைச்சல் குறைந்துவிட்டது என்று அடுத்த வருடம் எனக்கு எழுத வேண்டாம்.

ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகர்: ஒவ்வொரு வருடமும் குடும்பமாக நான்கு பேர் ஊருக்கு வருகிறோம். இங்கே மின்சாரக் கார் வைத்திருக்கிறோம், குப்பையை வகைபிரித்தே போடுகிறோம், மாட்டிறைச்சியை நிறுத்திவிட்டோம். ஊரில் கட்டிய வீட்டுக்குச் சூரிய மின்சாரம் போட்டால் எங்கள் காபன் தடம் சரியாகிவிடுமா?

சரியாகாது. ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு வந்து திரும்ப ஆளுக்கு இரண்டரைத் தொன்னிலிருந்து மூன்று தொன் வரை காபனீரொட்சைட்டு, அதுவும் சாதாரண வகுப்பில். நால்வருக்கும் பத்துத் தொன் என்று வையுங்கள். வணிக வகுப்பு என்றால் இருக்கை பிடிக்கும் இடம் பெரிது, ஆகவே கணக்கும் மூன்று மடங்குக்குப் போய்விடும். ஊர் வீட்டில் 5 கிலோவாற் போட்டால் ஆண்டுக்கு ஏழாயிரம் அலகு கிடைக்கலாம், மூன்றரைத் தொன்னுக்குச் சமம். பயணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதனால் ஈடாகும்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது. பல வருடங்களாக என் மனதை அறுக்கும் விடயம் இது.

சென்ற வருடம் நகரத்துக்கு வெளியே ஒரு வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். இரண்டு மாடி, ஆறு படுக்கையறை. உரிமையாளர்கள் வெளிநாட்டில். ஆள் இல்லாத வீட்டுக்கு மாதம் 180 அலகு வருகிறதே, யாரும் மின்சாரம் திருடுகிறார்களா என்பது கேள்வி. காவல்காரர் கதவைத் திறந்தார். சமையலறையில் ஆளுயரக் குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. திறந்தால் உள்ளே ஒரு போத்தல் தண்ணீரும் தோல் சுருங்கிய பாதித் தேசிக்காயும். மாடிக் கழிவறைத் தாங்கியில் தண்ணீர் கசிய, அழுத்தப் பம்பி நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக ஓடி நின்றது. மதிலில் நான்கு பழைய ஹலஜன் விளக்குகள் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை எரிகின்றன. கண்காணிப்புக் கமரா இரவு பகலாக ஓடுகிறது. இத்தனையையும் கூட்டிப் பார்த்தால் 180 அலகு சரியாக வந்தது. யாரும் திருடவில்லை.

வேலை முடிந்து காவல்காரர் வீட்டு விராந்தையில் தேநீர் குடித்தேன். அந்த வீட்டில் ஐந்து பேர் வாழ்கிறார்கள். அவருடைய பட்டியலையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 55 அலகு. ஆளில்லாத வீடு, ஐந்து பேர் வாழும் வீட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் எரிக்கிறது. அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இது மாதாமாதம் எரிவது மட்டும்தான். கட்டும்போது எரிந்ததை யாரும் கேட்பதில்லை. மூவாயிரம் சதுர அடி வீட்டுக்குச் சீமெந்து ஆயிரத்து இருநூறு மூடையாவது போகும், அறுபது தொன். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது கல்லிலிருந்தே காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, சூளைக்கு எரிக்கும் எரிபொருளும் சேர்கிறது. சீமெந்தால் மட்டும் நாற்பது தொன்னுக்கு மேல். கம்பியும் மாபிளும் அலுமினிய யன்னலும் தனி. இலங்கையில் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஒரு தொன் அளவுதான். ஒருவர் நாற்பது வருடம் வாழ்ந்து வெளியிடுவதை அந்த வீடு ஒருவரும் குடியேறும் முன்பே வெளியிட்டுவிடுகிறது. அதுவும் எப்படிப்பட்ட வீடு? ஓட்டுக் கூரையும் விராந்தையும் முற்றத்து வேம்பும் கொண்ட பழைய வீட்டை இடித்துவிட்டு, தட்டைக் கொங்கிறீற் கூரையும் திறக்க முடியாத கண்ணாடியும் வைத்துக் கட்டியது. பழைய வீட்டில் மின்விசிறி போதும். புதியதில் குளிரூட்டி இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியாது.

ஊருக்கு வராதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பெற்ற தாயைப் பார்க்கவும் கோணேசர் சந்நிதியில் நிற்கவும் வருகிறவர்களைத் தடுக்க எனக்கு மனம் வராது. வருடா வருடம் இரண்டு வாரம் வருவதை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒன்றரை மாதமாக்குங்கள். பயணக் கணக்கு பாதியாகும், அம்மாவோடு இருக்கும் நாட்கள் கூடும். வீட்டை வெளியூரிலிருந்து வந்து வேலை செய்யும் ஆசிரியர் குடும்பத்துக்கோ தாதியருக்கோ வாடகைக்குக் கொடுங்கள். அது முடியாவிட்டால் புறப்படும் நாளில் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்துத் திறந்து வைத்துவிட்டு, கமராவைத் தவிர மற்ற எல்லா இணைப்புகளையும் நிறுத்துங்கள். இனிக் கட்டப்போகிறவர்கள் மூன்று அறையோடு நிறுத்துங்கள். பணம் இருக்கிறது என்பது ஆறு அறை கட்டுவதற்குக் காரணம் ஆகாது.

கின்னியா வாசகி: நாங்கள் இன்னும் விறகிலும் தென்னம் மட்டையிலும்தான் சமைக்கிறோம். எரிவாயுவுக்கு மாறினால் சூழலுக்கு நல்லது என்று மருமகள் சொல்கிறார். உண்மையா?

வளவில் விழும் மட்டையும் சிரட்டையும் மீண்டும் வளர்கிறவை. காபன் கணக்கில் நீங்கள் குற்றவாளி இல்லை. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்று எரிந்தால் 37 கிலோ வெளியாகும், ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் என்றாலும் முந்நூறு கிலோதான். நான் பயப்படுவது உங்கள் நெஞ்சுக்காக. புகையை நாளும் மூச்சில் எடுக்கிறீர்கள். மருமகள் சொல்வதைக் கேளுங்கள். முடியாவிட்டால் அடுப்புக்குப் புகைபோக்கி வையுங்கள்.

நகர வாசகர், வர்த்தகர்: மாதம் இரண்டு தடவை கொழும்புக்குத் தனியே காரில் போகிறேன். ரயிலுக்கு மாறினால் பெரிய வித்தியாசம் வருமா?

வரும். போய்வர 520 கிலோமீற்றர். உங்கள் ஜீப் லீற்றருக்குப் பத்து ஓடினால் 52 லீற்றர் பெற்றோல், 120 கிலோ. பஸ்ஸில் உங்கள் பங்கு இருபது கிலோவைத் தாண்டாது, ரயிலிலும் அந்த அளவுதான். ஆண்டுக்கு 24 பயணம் என்றால் மிச்சம் இரண்டு தொன்னுக்கு மேல். இரவு ரயில் ஓடும் காலத்தில் அதில் போய்க் காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். வாகனம் கட்டாயம் வேண்டும் என்றால் நால்வராகப் போங்கள்.

மூதூர் மாணவர்: இலங்கையின் தனிநபர் சராசரி ஒரு தொன்தான், உலக சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல். அப்படியானால் நாம் ஏன் குறைக்க வேண்டும்?

நல்ல கேள்வி, தம்பி. சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கட்டாரின் தனிநபர் சராசரி 35 தொன்னுக்கும் மேல். அங்கே முகாம் அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்து, வெயிலில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம்மூர்ப் பிள்ளையின் பெயரிலும் அந்த 35 தொன் எழுதப்படுகிறது. அவரா அதை எரித்தார்? உலகில் வசதியில் மேலே இருக்கும் பத்து வீதத்தினர் மொத்த வெளியேற்றத்தில் பாதியளவுக்குக் காரணமாக இருக்கிறார்கள். கீழே உள்ள பாதிப்பேரின் பங்கு பத்து வீதத்தை ஒட்டியே நிற்கிறது. நாட்டுக்கு நாடு உள்ள இடைவெளி ஒரே நாட்டுக்குள்ளும், ஒரே தெருவுக்குள்ளும் உண்டு.

2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தபோது நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். ஆரம்பத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. இரண்டு கார் உள்ள வீட்டுக்கு 40. சைக்கிளில் போகிறவருக்குப் பூச்சியம். தட்டுப்பாட்டுக் காலத்துப் பங்கீடே வாகனத்தின் அளவைப் பார்த்துத்தான் நடந்தது. அதே வருடம் மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது, வசதியுள்ள வீடுகளில் ஜெனரேற்றர் ஓடியது.

உங்கள் பக்கத்துச் சம்பூரையும் நினையுங்கள். அங்கே திட்டமிட்ட நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அது வந்திருந்தால் சாம்பலும் சூடேறிய கழிவுநீரும் மூதூர்க் கரைக்கு, மின்சாரத்தில் பெரும்பங்கு தூரத்து நகரங்களுக்கு. ஆகவே ‘நாம்’ குறைக்க வேண்டுமா என்று கேட்கும்போது அந்த ‘நாம்’ யார் என்று முதலில் கேளுங்கள். 55 அலகு வீட்டிடம் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். குறைக்க வேண்டியவர்கள் மேலே எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

உப்புவெளி வாசகர்: புது வீட்டில் நான்கு குளியலறைக்கும் வெந்நீர் இயந்திரம் பூட்டலாமா?

திருகோணமலையில் மேல்தொட்டித் தண்ணீர் பங்குனியிலிருந்து புரட்டாதி வரை தானே சுடுகிறது. முதியவர் பாவிக்கும் குளியலறைக்கு மட்டும் ஒன்று பூட்டுங்கள், அதுவும் சூரிய வெப்பத்தில் இயங்குவதாக.

திருக்கடலூர் மீனவர்: என் படகுக்கு நாளுக்கு இருபது லீற்றர் மண்ணெண்ணெய் போகிறது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, அப்பாதான் வீட்டிலேயே அதிகம் மாசுபடுத்துகிறவர் என்கிறாள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஐயா.

மகளிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். இருபது லீற்றர் எரிந்தால் ஐம்பது கிலோ, அது உண்மை. ஆனால் அது நீங்கள் பொழுதுபோக்காக எரித்ததல்ல. நீங்கள் கொண்டுவரும் மீனைச் சந்தையில் எத்தனை குடும்பங்கள் வாங்குகின்றன? அந்த ஐம்பது கிலோவை அத்தனை வீட்டுக்கும் பிரித்து எழுத வேண்டும், மீன் வாங்கும் என் வீட்டுக்கும் சேர்த்து. உங்கள் வீட்டுச் சட்டிக்குப் போன மீனின் பங்கு மட்டும் உங்களுடையது.

செலவைக் குறைக்க வழி உண்டு. படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஏறவிடாமல் சுரண்டுங்கள். புரொபெல்லரின் இதழ் நெளிந்திருந்தால் நிமிர்த்துங்கள். கரை திரும்பும்போது எஞ்சினை முழு வேகத்தில் விடாதீர்கள், முக்கால் வேகம் போதும். கடைசிக் கால்பங்கு வேகத்துக்குத்தான் எண்ணெய் அதிகம் போகிறது. ஒரு வாரம் அப்படி ஓட்டி, நாளுக்கு எத்தனை லீற்றர் என்று மகளையே கொப்பியில் எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள்.