நரைத்த தலைகள் போதாதா?

அன்புள்ள ஐயா,

தேசிய அரசில் முதியோருக்கு வலுவான பிரதிநிதித்துவம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு 73 வயது. சந்தோஷப்பட்டுப் பேரனிடம் காட்டினேன். "எந்த நாட்டு நாடாளுமன்றத்தைப் பார்த்தாலும் நரைத்த தலைகள்தானே தாத்தா, இன்னும் எத்தனை பேர் வேண்டும்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. முதியோருக்குத் தனித் தொகுதிகள் ஒதுக்கலாமா? தனி அமைச்சகமா? இல்லை, ஒரு கட்சியே தொடங்கிவிடலாமா?

ராகவன்

அன்புள்ள ராகவன் அவர்களுக்கு,

பேரன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவையில் உட்கார்ந்திருக்கும் 75 வயதுக்காரருக்கு ஓட்டுநர் உண்டு, உதவியாளர் உண்டு. வங்கி கைபேசிக்கு அனுப்பும் ரகசிய எண்ணை வேறொருவர் பார்த்துச் சொல்வார். அதே வயதில் தனியாக இருப்பவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அந்த எண் காலாவதியாகிவிடும். கைரேகை வைக்கப் போனால், தேய்ந்த ரேகையை இயந்திரம் ஏற்காது. "நாளைக்கு வாங்க" என்பார்கள். நாளைக்கும் அதே விரல்தானே! சட்டம் எழுதுபவருக்கும் வயதாகிவிட்டது என்பதால் மட்டும் இந்தத் தொல்லை அவர் காதுக்குப் போய்விடாது.

கட்சி தொடங்கிப் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலில் 2006 தேர்தலில் 'கில்' என்ற ஓய்வூதியர் கட்சி நாடாளுமன்றத்தின் 120 இடங்களில் ஏழு இடங்களைப் பிடித்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. பெரிய கட்சிகள் மேல் சலித்துப்போன இளைஞர்கள் பலர் அதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. கட்சித் தலைவர் ரஃபி எய்தான், யூதப் படுகொலையில் முக்கியப் பங்கு வகித்த நாஜி அதிகாரி ஐக்மனை 1960இல் அர்ஜென்டினாவில் பிடித்த உளவுக் குழுவை வழிநடத்தியவர். எண்பதை நெருங்கும் வயதில் அமைச்சரானார். இடையில் கட்சி உடைந்தது. 2009இல் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. வயதை மட்டும் வைத்துக் கட்சி கட்டினால் இதுதான் சிக்கல். சொந்த வீடும் ஓய்வூதியமும் உள்ள 62 வயதுக்காரரும், வாடகைக்கே திணறும் 85 வயது அம்மாவும் வரி விஷயத்தில் ஒரே பக்கம் நிற்பார்களா என்ன?

தனித் தொகுதி பற்றிக் கேட்டீர்கள். உகாண்டா அதைச் செய்திருக்கிறது. மக்கள்தொகையில் பெரும்பகுதி இளைஞர்களாக உள்ள அந்த நாட்டில், 2021 முதல் நாடாளுமன்றத்தில் முதியோருக்கு 5 இடங்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடுதான். ஆனால் 500க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள அவையில் ஐந்து பேர் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? அப்புறம், இத்தகைய இடங்களுக்கு யார் வருவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். அலைந்து ஓட்டுக் கேட்கத் தெம்பும் செல்வாக்கும் உள்ளவர்தான் வருவார். படுக்கையில் இருப்பவர் வரமாட்டார்.

தனி அமைச்சகத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. நிதியை வெட்டும் அமைச்சரவையில்தான் அந்த அமைச்சரும் உட்கார்ந்திருப்பார். வெளியே வந்து எதிர்த்துப் பேச முடியாது.

நான் கேட்பது அரசுக்கு வெளியே நின்று அரசைக் கேள்வி கேட்கும் ஒரு பதவி. பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் இருக்கிறது. 2006இல் சட்டம் போட்டார்கள், 2008இல் முதல் முதியோர் ஆணையர் பொறுப்பேற்றார். 60 வயதைக் கடந்தவர்கள் சார்பில் பொது அமைப்புகளின் செயல்பாட்டை ஆராயலாம், அவற்றிடம் தகவல் கேட்டு வாங்கலாம், தனி ஒருவரின் புகாரைக்கூட விசாரிக்கலாம். 2014இல் முதியோர் இல்லங்களைப் பற்றி ஆணையர் ஓர் ஆய்வை வெளியிட்டு, என்னென்ன மாற வேண்டும் என்று பொது அமைப்புகளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். பக்கத்திலேயே இருக்கும் இங்கிலாந்தில் இப்படி ஒரு பதவி வேண்டும் என்று முதியோர் அமைப்புகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

இதோடு டென்மார்க்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வேன். அங்கே 1997 முதல் ஒவ்வொரு நகராட்சியிலும் முதியோர் மன்றம் கட்டாயம். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். முதியோரைத் தொடும் எந்த முடிவுக்கும் முன்னால் அந்த மன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். இது நகராட்சி அளவில்தான். இதையே தேசிய அவையில், மசோதா வாக்கெடுப்புக்கு வரும் முன் என்று வைத்தால் என்ன?

சரி, தனித் தொகுதிதான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் சண்டைக்கு வரமாட்டேன். ஒரே நிபந்தனை: அதில் பாதி, 75 வயதைத் தாண்டியவர்களுக்கு. அவர்கள் வீட்டிலிருந்தே கூட்டத்தில் கலந்துகொள்ளவும் வழி வேண்டும்.