மடக்குக் கத்தி வாங்குவோர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் நண்பர்கள் நால்வரும் தாங்கள் தினமும் பையில் வைத்திருக்கும் கத்திகளை ஒருவருக்கொருவர் காட்டிப் பேசிக்கொள்கிறார்கள். ஒருவரிடம் மரப்பிடி போட்ட ஒபினெல், இன்னொருவரிடம் சிவப்புப் பிடி விக்டோரினாக்ஸ், மூன்றாமவரிடம் எலும்புப் பிடியும் மூன்று அலகுகளும் கொண்ட ஸ்டாக்மேன், நான்காமவரிடம் பித்தளைப் பிடி ஹிகோனோகாமி. எனக்கும் ஆசை வந்துவிட்டது. முதல் கத்தியாக எதை வாங்கலாம்?

பதில்: நான்குமே நல்ல கத்திகள்தான். ஆனால் நான்கும் ஒரே விதமாகத் திறந்து மூடுபவை அல்ல. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் அழகை மட்டும் பார்த்து வாங்கினால், ஒரே மாதத்தில் கத்தி மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம், உங்கள் கை உண்மையில் எதையெல்லாம் வெட்டுகிறது என்று கவனியுங்கள். கடித உறை, பொட்டலக் கயிறு, அட்டைப்பெட்டியின் டேப், ஒரு பழம், எப்போதாவது ஒரு பென்சில்: பெரும்பாலோருக்கு வேலை இவ்வளவுதான். இதற்கு 6 அல்லது 7 சென்டிமீட்டர் அலகு தாராளமாகப் போதும். நீளமான கத்தி பையில் கனக்கும். கனக்கும் கத்தியை நாளடைவில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவீர்கள்.

ஒபினெல் பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒபினெல் என்பவர் 1890இல் உருவாக்கிய கத்தி. இதில் ஸ்பிரிங் கிடையாது. மரப்பிடியின் இறுக்கமே அலகைப் பிடித்துக்கொள்கிறது. கழுத்தில் திருகிப் பூட்டும் உலோக வளையம் 1955இல்தான் சேர்க்கப்பட்டது. மிகவும் பரவலான 8ஆம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர் நீளமும் பழம் நறுக்குவதற்கு ஏற்ற மெல்லிய வடிவும் கொண்டது. ஆனால் ஈரம் பட்டால் மரம் உப்பிக்கொண்டு அலகைக் கவ்விப் பிடிக்கும். நகத்தால் எவ்வளவு இழுத்தாலும் திறக்காது. அப்போது பிடியின் அடிப்பகுதியை மேசை விளிம்பில் மெல்லத் தட்டினால் அலகின் முதுகு சற்று வெளியே வரும், அதைப் பிடித்துத் திறக்கலாம். ஈரக்கையோடு வேலை செய்பவருக்கு இது அன்றாடத் தொல்லையாகிவிடும் என்பதால் அவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜப்பானின் மிக்கி நகரத்திலிருந்து வந்த ஹிகோனோகாமியில் ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் கத்தி திறந்த நிலையில் நிற்கும். பென்சில் சீவ இதைப்போல இன்னொன்று இல்லை என்றாலும், விரல் பழகாதவர் முதல் கத்தியாக இதை எடுப்பதை நான் விரும்பவில்லை. விக்டோரினாக்ஸ் வேறு நோக்கத்தோடு பிறந்தது: 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கிய கார்ல் எல்ஸ்னர், 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். கத்தரிக்கோலும் திருப்புளியும் சேர்ந்தே வேண்டும் என்பவருக்கு அதை விடச் சிறந்தது கிடைக்காது.

என்னைக் கேட்டால், முதல் கத்தி ஒன்று அல்லது இரண்டு அலகுகளோடு, முதுகில் ஸ்பிரிங் உள்ளதாக, துருப்பிடிக்காத எஃகில் செய்ததாக இருக்கட்டும். ஸ்டாக்மேனின் மூன்று அலகுகளும் கால்நடை வளர்ப்போரின் மூன்று வெவ்வேறு வேலைகளுக்காக அமைந்தவை. நகரவாசியின் பையில் அவற்றில் ஒன்றுதான் தேயும், மற்ற இரண்டும் புதிதாகவே இருக்கும்.

கேள்வி: அஞ்சல் வழியாக எலும்புப் பிடி போட்ட கத்தி ஒன்று வாங்கினேன். அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஆடுகிறது. மூடினால் அலகு நடுவில் நிற்காமல் பிடிக்குள் ஒரு பக்கமாக இருக்கும் உலோகத் தகட்டை உரசுகிறது. கையால் செய்த கத்தி என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார் விற்றவர். திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கட்டாயம் திருப்பிக் கொடுங்கள், அதுவும் பயன்படுத்தத் தொடங்கும் முன்பே. கைவேலை என்பதால் ஏற்றுக்கொள்ள வேண்டிய குறைகள் வேறு. எலும்பின் நிறம் இரு பக்கமும் ஒன்றுபோல இல்லாமல் இருப்பது, பிடிக்கும் அதன் முனையில் உள்ள உலோகப் பூணுக்கும் இடையில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் சிறு மேடு இருப்பது போன்றவை அந்த வகை. அலகு பக்கவாட்டில் ஆடுவது மூட்டு ஆணியின் குறை. இதில் கைவேலை என்ற சமாதானம் செல்லாது. புதிதாக இருக்கும்போதே ஆடும் மூட்டு, உபயோகத்தில் மேலும் தளருமே தவிர இறுகாது. அலகு நடுவில் நில்லாமல் இருப்பதைப் பொறுத்தவரை, பல அலகுகள் உள்ள கத்தியில் அவை ஒன்றையொன்று விலகிப் போவதற்காகச் சற்று வளைத்தே வைத்திருப்பார்கள், அது குறையாகாது. ஒற்றை அலகுக் கத்தியில் தகட்டில் உரசிக் கீறல் விழுந்தால் அது குறைதான்.

இத்தகைய கத்தி கைக்கு வந்தவுடன் நான் செய்யும் சோதனைகளைச் சொல்கிறேன். மூடிய கத்தியை விளக்கின் முன்னே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகடுகளுக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பேன். நல்ல வேலைப்பாட்டில் ஒரு மயிரிழைகூடத் தெரியாது. பிறகு அலகை மெதுவாகத் திறந்து, கடைசியில் ஸ்பிரிங் அதைப் பிடித்து இழுத்து ‘டக்’ என்று நிறுத்துகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். அந்த ஒலி மந்தமாக இருந்தால் ஸ்பிரிங் சோம்பலாக இருக்கிறது என்று பொருள், அப்படிப்பட்ட கத்தி அழுத்தி வெட்டும்போது விரல் மேல் மூடிக்கொள்ளக்கூடும். நகத்தைப் பெயர்க்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தாலும் வாங்கக் கூடாது. மூடிய நிலையில் அலகின் நுனி பிடிக்குள் முழுவதுமாக அடங்கியிருக்க வேண்டும். விரலால் தடவும்போது நுனி குத்தினால் அது பையைக் கிழிக்கும், கையையும் கிழிக்கும்.

இன்னொரு குறையை நான் மிகவும் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் கத்தி எவ்வளவு சாணை பிடித்தாலும் நடுப்பகுதியில் மட்டும் இரண்டே நாளில் மழுங்கியது. மாதக்கணக்கில் சாணைக்கல்லையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கூரின் மீது மார்க்கர் மையைத் தடவி, அலகை விரலால் தாங்காமல் படீரென்று மூடவிட்டுத் திறந்து பார்த்தபோது, மழுங்கும் அதே இடத்தில் மை நசுங்கி அழிந்திருந்தது. ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர் உள்ளே ஸ்பிரிங்கின் மீது இடித்துக்கொண்டிருந்தது. வாங்கிய வாரத்திலேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்தபின் தெரிந்து பயனில்லை.

கேள்வி: தேனீச் சின்னம் பொறித்த லாகியோல் கத்தி மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அசல்தானா?

பதில்: லாகியோல் என்பது பிரான்சில் ஓர் ஊரின் பெயர். அதைவிட, ஸ்பிரிங்கின் தலையில் தேனீயோடு வரும் ஒரு வடிவத்தின் பெயர். ஒரே நிறுவனத்தின் முத்திரை அன்று. ஆகவே எந்த நாட்டில் யார் செய்தாலும் அந்தப் பெயரைப் போட்டு விற்பதைக் காணலாம். பெயரும் தேனீயும் தரத்துக்குச் சான்றல்ல. அலகில் செய்தவரின் பெயரும் எஃகின் வகையும் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா, செய்த ஊரை விற்பவர் எழுத்தில் தருகிறாரா என்று கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். கத்தி வேலைக்குப் பேர்போன தியேர் நகரத்துப் பட்டறைகளும் இதே வடிவத்தை மிகச் சிறப்பாகச் செய்கின்றன. அவர்கள் ஊர்ப் பெயரை மறைப்பதில்லை.

கேள்வி: கார்பன் எஃகுக் கத்தியால் ஓர் ஆப்பிளை நறுக்கினேன். மாலையில் அலகு சாம்பல் நீலமாக மாறிவிட்டது. மாற்றித் தருவார்களா?

பதில்: மாற்ற வேண்டியதில்லை. பழத்தின் அமிலம் பட்டு உண்டான படலம் அது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயில் கழுத்துப் போல நீலமும் ஊதாவும் தெரியும். விரலில் ஒட்டாது, நாள்பட நாள்பட இருண்டு, துரு எளிதில் பிடிக்காமல் ஓரளவு காக்கும். செம்மண் நிறத்தில் தூளாக விரலில் ஒட்டினால்தான் துரு. வெட்டி முடித்ததும் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். உணவு வெட்டும் கத்திக்கு, உணவோடு சேர்ந்தாலும் தீங்கில்லாத எண்ணெயாகப் பாருங்கள்.

கேள்வி: தினமும் பையில் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறதா?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும், வாங்கும் முன் உங்கள் இடத்தின் விதியைப் படியுங்கள். அலகின் நீளத்தோடு பூட்டு இருக்கிறதா என்பதும் முக்கியம். எடுத்துக்காட்டாக, பிரிட்டனில் பூட்டில்லாத, கூர்ப்பகுதி 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம். அலகு அதே நீளமாக இருந்தாலும் பூட்டு உள்ள கத்திக்கு இந்தச் சலுகை இல்லை. வளையப் பூட்டுள்ள ஒபினெலும் அதில் அடங்கும். விமானப் பயணத்தின்போது கத்தியைக் கைப்பையிலிருந்து எடுத்து, ஒப்படைக்கும் பெட்டிக்குள் முதல் நாள் இரவே வைத்துவிடுங்கள். தினமும் பையில் இருக்கும் பொருள் என்பதாலேயே அது அங்கே இருப்பது நினைவில் இருக்காது. சோதனை மேடையில் பறிபோகும் கத்திகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன.