சீன மூலிகைச் சாறு சலரோகத்தைக் குறைக்குமா?

உப்புவெளியிலிருந்து கேட்கிறீர்கள்: அம்மாவின் குளிசையை நிறுத்திவிட்டு, சீனர்களின் 'ஹுவாங்லியன்' வேர்ச் சாறு கொடுக்கலாமா? நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

அந்த வேரில் இருப்பது பெர்பெரின் என்ற பொருள். நம் மரமஞ்சளிலும் அதுதான் இருக்கிறது. மஞ்சள் நிறமும் கடும் கசப்பும் அதனால்தான். 2008இல் வெளியான சீன ஆய்வொன்றில், புதிதாகச் சலரோகம் கண்ட 36 பேரில் ஒரு பகுதியினருக்கு வழமையான சலரோகக் குளிசையான மெட்போர்மினும் மற்றவர்களுக்கு பெர்பெரினும் கொடுத்தார்கள், நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 500 மில்லிகிராம். மூன்று மாதத்தில் பெர்பெரின் குழுவின் மூன்றுமாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 9.5இலிருந்து 7.5 சதவீதமானது. மெட்போர்மினுக்குக் கிட்டத்தட்டச் சமம்! நல்ல செய்திதான். ஆனால் 36 பேர் மிகக் குறைவு. அதுவும் அளந்து கொடுத்த குளிசை. வீட்டில் அவித்த கசாயத்தில் எவ்வளவு இருக்கிறதென்று யார் அளப்பது? அப்புறம், சீனிக் குளிசையோடு சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் கேளுங்கள்.