உங்கள் ஆதார் நகல் இப்போது எங்கே இருக்கிறது?

கேள்வி: லாட்ஜில் அறை எடுக்கும்போது ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

முழு எண்ணும் தெரிகிற நகலை அனுப்பாதீர்கள். போன மாதம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்டுக்காக நின்றிருந்தேன். கடைத் தம்பி என் ஃபைலைத் தேட டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தார். யார் யாருடைய ஆதாரோ, பான் கார்டோ, பாஸ்புக்கின் முதல் பக்கமோ வரிசையாக இருந்தன. ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ்கூட இருந்தது. அழிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். என் ஃபைலை என் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னேன், ரீசைக்கிள் பின்னிலிருந்தும். முகம் சுளிக்காமல் செய்தார். நீங்களும் கேளுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மைஆதார் தளத்தில் டவுன்லோட் செய்யும்போது 'மாஸ்க்டு ஆதார்' என்பதை டிக் செய்தால், 12 இலக்கத்தில் கடைசி 4 மட்டும் தெரியும் நகல் வரும். லாட்ஜில் அதைக் கொடுங்கள். ஏற்க மறுத்தால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டுங்கள். ஃபைலுக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும் சேர்ந்ததுதான் அந்தப் பாஸ்வேர்டு. உங்களைத் தெரிந்த யாரும் திறந்துவிடலாம்.

கேள்வி: நான் வாங்காத கடனுக்குத் தவணை கட்டச் சொல்லி தினமும் போன் வருகிறது. என் பான் எண்ணைச் சரியாகச் சொல்கிறார்கள். தொல்லை தாங்காமல் கட்டிவிடலாமா என்று தோன்றுகிறது.

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டினால், கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாக அவர்கள் வாதாட இடம் கிடைத்துவிடும்.

முதலில், உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று காட்டும் கடன் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும், அதனால் நான்கையும் பாருங்கள். பொய்க் கடன் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

அப்புறம், கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். கடன் ஒப்பந்தம், அப்போது வாங்கிய கேஒய்சி (அடையாள) ஆவணங்கள், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற மூன்றையும் கேளுங்கள். அந்தக் கணக்கு உங்களுடையது இல்லை என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம். தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்து, அந்த எண்ணையும் மெயிலில் சேருங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம், கட்டணம் கிடையாது. போனில் எதையும் பேசித் தீர்க்க வேண்டாம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்த ஃபைலை அம்மா திறந்துவிட்டார். பயமாக இருக்கிறது.

ஃபைல் பெயர் 'ஏபிகே' என்று முடிந்திருந்தால் அது பத்திரிகை இல்லை, செயலி. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு, வரும் ஓடிபியை எல்லாம் வெளியே அனுப்பிவிடும். உடனே அம்மாவின் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு 1930, சைபர் குற்ற உதவி எண். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நம் கவனக்குறைவால் போனது என்றாலும் வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியுடையது. அதனால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், புகார் எண்ணையும் வாங்குங்கள். அந்தச் செயலியை நீக்க முடியாவிட்டால் போனை முழுக்க ரீசெட் செய்யுங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை நடந்ததை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

கேள்வி: ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம் என்கிறார்கள். ரேஷன் வாங்க முடியுமா?

பூட்டுங்கள். ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தாலே, ஓடிபி இல்லாமல் வங்கிப் பணத்தை எடுக்கும் வசதி உண்டு. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை அச்செடுத்துப் பணத்தைத் திருடியிருக்கிறார்கள். பூட்டியிருந்தால் ரேஷன் கடைக் கருவியும் ஏற்காது. கடை வரிசையில் நிற்கும்போது ஆதார் செயலியில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள், சற்று நேரத்தில் அதுவே மறுபடி பூட்டிக்கொள்ளும்.