கரூர் பாடி பஸ்ஸை சான் ஆண்ட்ரியாஸில் ஏற்றுவது: கேள்வி பதில்

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், 2005 பிசி பதிப்பு. அதில் கோச் வண்டியை (எண் 437) நம்மூர் பஸ்ஸா மாத்துறது பத்தி மட்டும் கேளுங்க. ஒண்ணு முதல்லயே சொல்லீர்றேன்: மூல ஐஎம்ஜி ஃபைல்ல (கேமோட மாடலும் டெக்ஸ்சரும் அடைஞ்சிருக்குற ஃபைல்) கை வைக்காதீங்க. மோட்லோடர் (மூல ஃபைலைத் தொடாம மாத்தம் ஏத்துற கருவி) ஃபோல்டர்ல போடுங்க. பிடிக்கலைன்னா ஃபோல்டரை எடுத்துட்டாப் போதும்.

ஈரோடு: 3டி மாடல் செய்யற பிளெண்டர்ல 48,000 வெர்டெக்ஸ் (முனை) தானுங்ணா காட்டுது. கேமுக்குள்ள போனா பாடி கிழிஞ்சு முக்கோணமாப் பறக்குது. ஏனுங்ணா?

கேமோட மாடல் ஃபைலான டிஎஃப்எஃப்ல ஒவ்வொரு முக்கோணமும் தன் மூணு முனையையும் 16 பிட் எண்ணுலதான் சொல்லும். அதனால ஒரு பாகத்துக்கு 65,535 முனைக்கு மேல வழியில்லைங்க. 48,000 எப்படி அதைத் தாண்டுச்சுன்னா, பிளெண்டர்ல ஒரு முனைக்கு எத்தனை யூவி (மேல ஒட்டுற படத்துல அந்த முனையோட இடம்) வேணும்னாலும் இருக்கலாம், டிஎஃப்எஃப்ல ஒரு முனைக்கு ஒரு யூவி, ஒரு நார்மல் (அது பார்க்குற திசை) தான். யூவி வெட்டு ஓடுற இடம், ஷார்ப் விளிம்பு எல்லாத்துலயும் எக்ஸ்போர்ட்டர் முனையைப் பிரிக்கும். கரூர் பாடின்னா ஜன்னல் சட்டம், பக்கத் தகடு, பின்னாடி ஏணின்னு பூரா விளிம்புதான்.

ரிவெட்டை மாடல்ல செய்யாதீங்க, டெக்ஸ்சர்ல (மேல ஒட்டுற படம்) வரைங்க. சீட்டு, கைப்பிடிக் கம்பி, கூரை கேரியர் மூணையும் தனித்தனி பாகமாக்கி சாசிஸ் டம்மிக்குக் (பாகங்களை மாட்டுற வெற்றுப் புள்ளி) கீழ மாட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி 65,535 கிடைக்கும். பேரை மட்டும் பார்த்து வைங்க. எக்ஸ்ட்ரா1, எக்ஸ்ட்ரா2ன்னு வெச்சா கேம் அதைக் குலுக்கல் மாதிரி எடுக்கும், சில பஸ்ல கேரியரே இருக்காது.

பெருந்துறை: பஸ்ஸை எடுத்துட்டுப் போனா ரோடும் கட்டடமும் காணாமப் போகுதுங்க.

மாடல் நல்லாத்தான் இருக்கும், டெக்ஸ்சர்தான் கனம். கேம் ஓட்டத்துல ஏத்தி இறக்க வெச்சிருக்குற மெமரி 50 எம்பிதான். சுருக்காத 2048க்கு 2048 பிக்சல் டெக்ஸ்சர் ஒண்ணே 16 எம்பி. மூணு போட்டா 48. அப்புறம் ரோட்டுக்கு எங்க இடம்? அதையே டிஎக்ஸ்டி1 (DXT1) சுருக்க முறையில சுருக்கினா 2 எம்பி. கண்ணாடிக்கு மட்டும் டிஎக்ஸ்டி5 (DXT5). சீட்டுத் துணிக்கு 256 ஏராளம்.

கோபி: என்கிட்ட 16 ஜிபி ரேம் இருக்குங்க. இதெல்லாம் பழைய கம்ப்யூட்டருக்கான பேச்சு.

உங்க ரேமை இந்த கேம் பார்க்கவே பார்க்காது. 32 பிட் நிரல், சாதாரணமா 2 ஜிபிக்கு மேல தொடாது. 64 பிட் விண்டோஸ்ல லார்ஜ் அட்ரஸ் பேட்ச் போட்டாலும் 4 ஜிபிதான் கூரை.

கோபி: கேமோட வரம்புகளைக் கூட்டுற ஃபாஸ்ட்மேன்92 லிமிட் அட்ஜஸ்டர் போட்டேன், ரோடு வந்துருச்சு. அப்ப நீங்க சொன்னது தப்புதானுங்களே?

வந்தது நிஜம். அது அந்த 50 எம்பி ஸ்ட்ரீமிங் மெமரியைக் கூட்டுச்சு, அவ்வளவுதான். ஈரோட்டுத் தம்பி மாடல் அதுனால ஒட்டிக்காது. அந்த 16 பிட் எண் ஃபைலுக்குள்ளயே எழுதியிருக்கு. ரெண்டும் வேற வேற வரம்புங்க. எதுல முட்டியிருக்கோம்னு தெரியாம கண்ட எண்ணையும் கூட்டினா, அந்த 32 பிட் இடமே தீர்ந்து கேம் விழும். உங்க பஸ்ஸை இறக்குறவங்க எல்லாரும் அட்ஜஸ்டர் வெச்சிருக்க மாட்டாங்க, அதையும் நினைச்சுக்கோங்க.

தாராபுரம்: பஸ் பூரா வெள்ளையா வருதுங்ணா.

டெக்ஸ்சர் பேரு டிஎஃப்எஃப்லயும், டெக்ஸ்சர் ஃபைலான டிஎக்ஸ்டிலயும் (TXD) ஒரே மாதிரி இருக்கோணும். 31 எழுத்துக்குள்ள, ஆங்கில எழுத்துல. தமிழ்ல வைக்காதீங்க.

திருச்செங்கோடு: 12 சக்கர ரிக் லாரி செய்யறேன். நடுச்சக்கரம் மேட்டுல அந்தரத்துல நிக்குது.

கேமோட இயற்பியலுக்குத் தெரிஞ்சது நாலே சக்கரம். நடுச்சக்கர டம்மி ரெண்டும் சுத்தும், ஆனா பாரம் தாங்காது. மீதி ஆறும் சாசிஸோட ஒட்டின பொம்மைதான், சுத்தவே சுத்தாது. மாடல்ல இதைத் தீர்க்க முடியாதுங்க. சஸ்பென்ஷன் நீளத்தைக் குறைச்சா கண்ணுக்கு உறுத்தாது.

பொள்ளாச்சி: ஒரு பக்கம் "பழனி" சரியா இருக்கு, மறுபக்கம் எழுத்து திரும்பியிருக்கு.

பிளெண்டரோட மிரர் மாடிஃபையர் பாடியைத் திருப்பிருச்சு, யூவியை அப்படியே விட்டுருச்சு, அதான் எழுத்து திரும்பித் தெரியுது. அப்ளை பண்ணிட்டு, போர்டு முகத்தை மட்டும் பிரிச்சு யூவியை எக்ஸ் அச்சுல மைனஸ் 1ஆல திருப்புங்க.

காங்கேயம்: எனக்கும் வெள்ளையா வருதுங்க.

தாராபுரத்துக்குச் சொன்னதுதான்.

பவானி: பஸ் எதுலயும் மோத மாட்டேங்குது. உள்ள புகுந்து போகுது.

என்ன அளவுல வரைஞ்சீங்க? கேம்ல ஒரு அலகு ஒரு மீட்டர். 12 மீட்டர் பஸ்ஸை சென்டிமீட்டர்ல வரைஞ்சா 1,200 அலகு. மோதல் வலையில (இடிக்குறதைக் கணக்குப் போட வெச்சிருக்குற உருவம்) முனையை 128ஆல பெருக்கி 16 பிட்ல வைக்குறாங்க, 256 தாண்டினா எண் சுத்திக்கிட்டு எங்கயோ போயிரும். வெறுமனே சுருக்கினாப் பத்தாது, கண்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை பண்ணுங்க. எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பண்ணுங்க.

அவிநாசி: பச்சை பெயிண்ட் அடிச்சா கேம்ல வேற வேற நிறமா மாறுதுங்ணா. அப்புறம், டெக்ஸ்சரும் வெள்ளையா…

வெள்ளைக்கு மேல பாருங்க. 60, 255, 0 அப்படிங்கற பச்சை கேமுக்கு முதல் பெயிண்ட்டுன்னு அர்த்தம், கார்கால்ஸ் ஃபைல்ல இருக்குற நிறத்தை அதுமேல பூசும். உங்க பச்சை மாறாம நிக்கோணும்னா அந்த 60ஐ 61ன்னு வைங்க.