ரெண்டு டார்பிடோவோட ஒரு படகு

கடிதம்:

வணக்கம் சார். சோவியத்தோட எம்-கிளாஸ் சின்ன நீர்மூழ்கிகள பத்தி படிச்சிட்டு இருந்தேன். ரெண்டே டார்பிடோ, மாத்திப் போட வேற கிடையாது, ஒரே டீசல் இன்ஜின். இத நம்பி கடலுக்கு அனுப்புனது ஆளுங்கள சாகக் குடுத்த மாதிரிதானே? ஏன் இத்தன கட்டுனாங்க?
– பிரகாஷ்

அன்புள்ள பிரகாஷ்,

உங்க கோவம் நியாயம்தான், ஆனா இந்தப் படகு எதுக்காக வந்துச்சுன்னு மொதல்ல பாக்கணும். 1931ல ஜப்பான் மஞ்சூரியாவுக்குள்ள புகுந்துருச்சு, பசிபிக் கரையில இருக்கிற விளாதிவஸ்தோக் துறைமுகத்துல சோவியத்துக்கு சொல்லிக்கிற மாதிரி கடற்படையே இல்ல, கருங்கடல்ல கட்டுன கப்பல அங்க கொண்டுபோகணும்னா பாதி உலகத்த சுத்தணும். அதனால ரயில்ல ஏத்துற சைஸ்ல ஒண்ணு வேணும்னு முடிவு பண்ணாங்க. அசாஃபோவ்ங்கிற இன்ஜினியர் டிசைன் பண்ண முதல் சீரிஸ் 37 மீட்டர் நீளம், மேல மிதக்கும்போது சுமார் 160 டன். கருங்கடல் பக்கம் இருக்கிற நிக்கோலாயெவ்ல கட்டி, 1933 கடைசில இருந்து சைபீரியா வழியா ரயில்லயே அனுப்புனாங்க. தண்டவாளத்துல போற அளவுதான் அந்தப் படகோட அளவு, ரெண்டு டார்பிடோ ஒரு இன்ஜின் எல்லாமே அதுல இருந்து வந்ததுதான். சொந்தக் கரைய காக்க அது போதும்னு நெனச்சாங்க.

ஆனா போர் வந்தது வேற பக்கம், ஜெர்மனியோட. வடக்க ஆர்க்டிக் பக்கம் எம்-171ல இருந்து எம்-176 வரைக்கும் ஆறு படகு, அடுத்து வந்த கொஞ்சம் பெரிய சீரிஸ், அதுலயும் டார்பிடோ ரெண்டுதான். 1941 ஆகஸ்ட்ல கேப்டன் ஃபிசானோவிச் எம்-172அ ஜெர்மன்காரங்க பயன்படுத்துன லீனஹமாரி துறைமுகத்துக்குள்ளயே கொண்டுபோய் டார்பிடோ விட்டார், நவம்பர்ல கேப்டன் ஸ்டாரிக்கோவோட எம்-171 அதே எடத்துல நீர்மூழ்கிய தடுக்கப் போட்ட வலையில மாட்டி தப்பிச்சு வந்துச்சு. மூழ்கடிச்சோம்னு அப்ப சொன்ன கணக்குல பெரும்பகுதி ஜெர்மன் ஆவணங்களோட ஒத்துப்போகல, அத மறைக்கக் கூடாது. ஆனா 1942 ஏப்ரல்ல எம்-171 மூழ்கடிச்ச குரிடிபா நெஜம், கிட்டத்தட்ட 5,000 டன் ஜெர்மன் சரக்குக் கப்பல். அந்த ஆறுல போர் முடியும்போது மிச்சம் இருந்தது எம்-171 மட்டும்தான். எம்-175அ ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியே (யு-போட்) மூழ்கடிச்சுது.

எனக்கு ஆனா மனசுல நிக்கிறது கருங்கடல் துறைமுகமான செவஸ்தபோல்தான். 1942 ஜூன்ல ஊர சுத்தி ஜெர்மன்காரங்க, மேல விமானம், சாதாரணக் கப்பல் உள்ள போறதே கஷ்டம், அப்ப இந்தக் குட்டிப் படகுங்களும் குண்டும் பெட்ரோலும் சுமந்துட்டுப் போச்சு. எம்-32ல பேலஸ்ட் டேங்க்லயே (மூழ்குறதுக்கு தண்ணி நெரப்புற தொட்டி) பெட்ரோல ஊத்தி எடுத்துட்டுப் போனாங்க. எறக்குனதுக்கப்புறம் மிச்ச ஆவி உள்ள பரவிருச்சு, பகல்ல மேல வந்தா குண்டு விழும், அதனால இருட்டுறவரைக்கும் கடலடியில கெடக்கணும். ஆளுங்க ஒவ்வொருத்தரா மயங்கி விழ, புஸ்தவோய்த்தென்கோன்னு ஒரு மோட்டார் மெக்கானிக் மட்டும் கண்ண மூடாம தாக்குப்பிடிச்சு, கேப்டன எழுப்பிப் பாத்து முடியாம, தானே டேங்க்ல காத்த அடிச்சு படக மேல கொண்டுவந்து எல்லாரையும் காப்பாத்துனார். டார்பிடோ எண்ணிக்கைய வச்சு மட்டும் படக எடைபோட்டா இந்த வேலை கணக்குலயே வராது பிரகாஷ்.

சாகக் குடுத்தாங்களான்னா, படகோட குறை கடற்படைக்கு நல்லாவே தெரியும். நாலு டார்பிடோ குழாய், ரெண்டு இன்ஜின்னு அடுத்த சீரிஸ போருக்கு முன்னாடியே கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்குள்ள போர் வந்துருச்சு, அதுல பெரும்பாலானது போர் முடிஞ்சப்புறம்தான் தண்ணிக்கு வந்துச்சு. அதுவரைக்கும் கையில இருந்தது பழசுதான், அதுலதான் போனாங்க.