ஒற்றைச் சொல் பிரசங்கியார்

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர் ஒருவர்): ஐயா, சிட்னியில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்து திரும்பினேன். அங்கே நகர மண்டபத்தை ஒட்டிய சதுக்கத்தில், தரையில் 'எடர்னிட்டி' (நித்தியம்) என்ற ஒரே சொல் உலோகத்தில் பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டேன். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவர் தெருப் பிரசங்கியாராக மாறி எழுதிய சொல் அது என்று மருமகன் சொன்னார். போர்க்களத்தின் கொடுமைதான் அவரை மாற்றியதா?

பதில்: அப்படி எண்ணத் தோன்றுவது இயல்பே, ஆனால் ஆண்டுகளைக் கணக்கிட்டால் அது பொருந்தவில்லை. அவர் பெயர் ஆர்தர் ஸ்டேஸ். 1885இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில், தாயும் தந்தையும் குடிக்கு அடிமையான வீட்டில் பிறந்தார்; பன்னிரண்டு வயதில் அரசின் பராமரிப்புக்குப் போனார்; பதினைந்து வயதில் குடிபோதைக்காகச் சிறையும் கண்டார். இளமையில் அவர் செய்த வேலை, சூதாட்டம் நடக்கும் இடங்களில் போலீஸ் வருகிறதா என்று காவல் நிற்பது. 1916இல் படையில் சேர்ந்து, பத்தொன்பதாம் பட்டாலியனில் பிரான்சுக்குச் சென்று, நோயுற்றவராக 1919இல் விடுவிக்கப்பட்டார். திரும்பியவர் பிரசங்கம் செய்யவில்லை. பழைய குடிக்கே போனார். அடுத்த பதினோரு ஆண்டுகளை நினைவுக் கட்டுரைகள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ, அவர் வாழ்க்கையில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று படுகிறது.

மாற்றம் வந்தது 1930 ஆகஸ்டில், உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்தபோது. பிராட்வேயிலுள்ள புனித பர்னபா ஆலயத்தில் ஹேமண்ட் என்ற ஆங்கிலிக்கன் போதகர், வேலையற்ற ஆண்களுக்குப் பிரசங்கம் முடிந்ததும் தேநீரும் கேக்கும் கொடுத்துவந்தார். ஸ்டேஸ் அங்கே சென்றது அந்தத் தேநீருக்காகத்தான். அன்றோடு குடியை விட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1932 நவம்பரில், பர்ட்டன் தெரு பாப்டிஸ்டு சபையில் ஜான் ரிட்லி என்பவரின் பிரசங்கத்தைக் கேட்டார். சிட்னியின் தெருவெல்லாம் கேட்கும்படி 'நித்தியம்' என்ற சொல்லை முழங்க முடிந்தால் நலமாயிருக்கும் என்ற பொருள்பட ரிட்லி பேசினார். வெளியே வந்த ஸ்டேஸ் சட்டைப் பையைத் துழாவியபோது ஒரு சாக்பீஸ் துண்டு அகப்பட்டது. குனிந்து நடைபாதையில் எழுதினார். போருக்கு இதில் பங்கு உண்டென்றால் அது இங்கேதான்: ரிட்லியும் அதே போரில் மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்ற அதிகாரி. ஒரு பழைய படைவீரர் முழங்க விரும்பிய சொல்லை, இன்னொரு பழைய படைவீரர் எழுதினார்.

கேள்வி (தூத்துக்குடி வாசகி): அவர் அந்தச் சொல்லை ஐந்து லட்சம் முறை எழுதினார் என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: இது மதிப்பீடுதான், ஆனால் நம்ப முடியாத மதிப்பீடு அன்று. முப்பத்தைந்து ஆண்டுகள் என்பது ஏறத்தாழ 12,775 நாள். அப்படியானால் நாளொன்றுக்கு நாற்பது முறை எழுதினால் போதும். விடியுமுன் எழுந்து ஜெபித்துவிட்டு, தெருத்தெருவாக நடந்து, சில அடிக்கு ஒருமுறை குனிந்து எழுதும் மனிதருக்கு அது பெரிய எண்ணிக்கை அல்ல. தம் பெயரையே சரியாக எழுத வராத அவர், இந்த ஒரு சொல்லை மட்டும் அழகிய கூட்டெழுத்தில் எழுதினார் என்பதுதான் எனக்கு வியப்பு. நடைபாதையில் எழுதக் கூடாது என்று போலீசார் பலமுறை தடுத்தும் அவர் விடவில்லை. எழுதுபவர் யாரென்று நகரம் பல ஆண்டுகள் அறியவில்லை. 1956இல் அவருடைய சபைப் போதகரே கையும் களவுமாகக் கண்டுபிடித்தார். அந்தச் சபையில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர்தான் ஸ்டேஸ்.

எண்ணிக்கையில் மயங்கி, அவர் பிரசங்கியார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஜார்ஜ் தெருவும் பாதர்ஸ்ட் தெருவும் சந்திக்கும் முனையில் அவர் பல ஆண்டுகள் தெருக்கூட்டம் நடத்தினார். முதல் கேள்வியை அனுப்பிய அன்பர் நின்ற சதுக்கம் அந்த முனையை ஒட்டியதே. 1977இல் அங்கே சொல்லைப் பதித்தவர்கள் அறிந்தோ அறியாமலோ பொருத்தமான இடத்தைத் தேர்ந்தார்கள். வாயால் பேசியவற்றில் நகரம் எதையும் காத்துவைக்கவில்லை. கையால் எழுதியதையோ, 2000ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில் துறைமுகப் பாலத்தின்மேல் விளக்குகளால் எழுதிக் காட்டியது. வாணவேடிக்கையைப் பார்க்க வந்த கூட்டத்தில் எத்தனை பேர் அதை அழைப்பாக வாசித்தார்கள், எத்தனை பேர் அலங்காரமாக வாசித்தார்கள்! ஸ்டேஸ் அதை அழைப்பாகவே எழுதினார். ரிட்லி அன்று எடுத்துக்கொண்ட வசனம் ஏசாயா 57:15. நம் வேதாகமத்தில் 'நித்தியவாசி' என்ற சொல் வரும் வசனம் அது.

கேள்வி (அதே வாசகி): அவர் கையெழுத்து இன்று எங்கேனும் மிஞ்சியிருக்கிறதா?

பதில்: 1967 ஜூலை 30 அன்று, எண்பத்திரண்டாம் வயதில், ஹேமண்ட்வில்லில் அவர் காலமானார், தேநீர் கொடுத்த அதே ஹேமண்ட் மந்தக் காலத்தில் வீடிழந்த குடும்பங்களுக்காக ஏற்படுத்திய குடியிருப்பு அது. உடலைச் சிட்னி பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். நடைபாதை எழுத்துகளை மழையும் காலடிகளும் கொண்டுபோய்விட்டன. சபையார் ஒருவருக்கு அவர் அட்டையில் எழுதிக் கொடுத்தது கான்பெராவில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றொன்று சிட்னியின் தலைமைத் தபால் நிலையத்து மணிக்கூண்டில் உள்ளது. ஜப்பானியத் தாக்குதலுக்கு அஞ்சி 1942இல் அந்தக் கூண்டைப் பிரித்து வைத்தார்கள். அறுபதுகளில் அதைத் திரும்பக் கட்டும்போது, பெரிய மணியின் உட்புறத்தில், மழை படாத இடத்தில், அந்தச் சொல் சாக்பீஸில் எழுதப்பட்டிருந்தது.